பதினோரு அடி உயரத்தில் தண்ணீர்

எங்கள் குளத்தை மூடி நான்கு வருஷம் ஆகி, அதன்மேல் நாற்பத்தொரு வீடுகள் எழும்பி, தெருவுக்கெல்லாம் பூக்களின் பெயர் வைத்து முடித்திருந்த ஒரு மார்கழியில், பறவைகள் வழக்கமான நாளில், வழக்கமான திசையிலிருந்து வந்து, வழக்கம்போலக் குளத்தில் இறங்கின. குளம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும், அவற்றுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முல்லைத் தெருவில் பால் ஊற்ற வந்தவர் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தபோது, தலைக்கு மேலே கூழைக்கடாக்களின் வெள்ளை வயிறும், துடுப்புப் போடுகிற கால்களும், அவற்றுக்கு நடுவே முக்குளித்து எழும்புகிற நீர்க்காகங்களும் தெரிந்தன. இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்ததால் அவர் அங்கேயும் பாலை ஊற்றிவிட்டுப் போனார்.

விடிந்ததும் எங்கள் தெருவில் மண்ணள்ளும் மெஷின் ஓட்டுகிற வண்டிமலையான் ஒரு மூங்கிலை நட்டு அளந்து பார்த்தார். பறவைகள் மிதந்த இடம் ரோட்டிலிருந்து சரியாகப் பதினோரு அடி. பழைய மடைக்கல்லில் நிறைகுளத்துக்கு வெட்டியிருந்த கோடும் அதே பதினோரு அடிதான். அந்தக் கல் இப்போது அம்மன் கோயிலுக்கு வாசற்படியாகக் கிடக்கிறது, கோடு மேலே தெரியும்படிதான் போட்டிருக்கிறோம். எங்கள் மொட்டைமாடிகளும் ஏறக்குறைய அந்த உயரம்தான் என்பதால், நாங்கள் நாற்பத்தொரு குடும்பமும் மாடித்தளம் வரை தண்ணீரில் முங்கி, அதற்குள்ளேயே சமைத்து, துவைத்து, டிவி பார்த்து, சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம் என்று பறவைகளைப் பொறுத்தவரை ஆகிவிட்டது.

குளத்தை யார் மூடியது என்று கேட்டால், நாங்கள்தான். வெளியூர்க்காரன் வந்து ஏமாற்றினான் என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் கையெழுத்துகளைப் பார்த்தால் எல்லாம் எங்கள் கையெழுத்து. மேலே வாய்க்காலை மறித்து யாரோ வாழை போட்டார்கள், நாங்கள் போய்க் கேட்கவில்லை. இரண்டு வருஷம் தண்ணீர் வரவில்லை, மூன்றாம் வருஷம் வந்தபோது மதகைத் திறந்து நாங்களே வெளியே விட்டோம், ஏனென்றால் அதற்குள் ஆளுக்கு ஒரு மனை என்று பேச்சு முடிந்து கல்லும் நட்டாயிற்று. கொட்டுவதற்கு இடிபாட்டு மண் லாரி லாரியாக வந்தது. நடுக்குளத்தில் இருந்த கருவேல மரங்களை மண்ணள்ளும் மெஷினால் பிடுங்கிப் போட்டது வண்டிமலையான். அவருக்கு அது வேலை, எங்களுக்கு அது விருப்பம்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் அந்தப் பறவைகளைப் பறவை என்றே சொல்ல மாட்டோம், ‘பிள்ளைகள்’ என்போம். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகள்கள் அவர்கள். வந்து முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறந்து ஆடி பிறந்து போகிறவரை ஊரில் வெடி கிடையாது, கொட்டு கிடையாது. சித்திரையில் வருகிற அம்மன் கொடைத் திருவிழாவைக்கூட மேளம் இல்லாமல் வெறும் குலவையோடு நடத்துகிற ஊர் இந்தச் சீமையில் எங்களைத் தவிர வேறு இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை ஊமைக்கொடைக்காரர்கள் என்று கேலி செய்வார்கள், நாங்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வோம். ஆடி முதல் நாள் பெண்கள் கரையில் நின்று, மஞ்சள் குங்குமமும் வளையலும் ஒரு பொட்டலம் கட்டுச்சோறும் தண்ணீரில் விட்டு, “போயிட்டு வாங்கட்டீ” என்று வழியனுப்பி வைப்பார்கள். இத்தனையும் செய்த நாங்கள்தான் குளத்தையும் மூடினோம். அப்போது யாருக்கும் ஒன்றோடு ஒன்று ஞாபகம் வரவில்லை.

ஆகவே இத்தனை வருஷம் கழித்து அவர்கள் மறுபடி வந்தபோது முதலில் எங்களுக்குத் தலைகுனிவாக இருந்தது, ஒரு வாரத்தில் பெருமையாகிவிட்டது. “தாய்வீட்டை மறக்கல பாத்தியளா” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். குளத்து நகர் நலச் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நம்பிராஜன், சுற்றறிக்கை விட்டார்: துணிக்கொடிகளைத் தாழ்த்திக் கட்டவும், எச்சத்துக்குக் குடை பிடிக்கவும், மாடியில் வற்றல் காயப்போட வேண்டாம், ஹாரன் அடிக்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வெயில் நாளிலும் குடையோடு போனார்கள். தை பிறந்ததும் பறவைகள் கூடு கட்டின. மாடிகளுக்கு மேலே ஆறடி ஏழடி உயரத்தில், எங்கெங்கே கருவேல மரத்தின் கவட்டை இருந்ததோ அங்கங்கே, காற்றில் சுள்ளியை வைத்தால் சுள்ளி நின்றது. மாடிப்படி ஏறிக் கூட்டைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

கஷ்டம் பசியில் தொடங்கியது. அவர்கள் கண்ணுக்கு நாங்கள் மனிதர்கள் இல்லை. தண்ணீருக்கு அடியில் நடமாடுகிறவை எல்லாம் மீன், எது மினுங்கினாலும் மீன். நீர்க்காகம் தெருவுக்குள் பாய்ந்து கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு மேலே போகும். சோப்பு, கரண்டி, மருந்து அட்டை, ஒருநாள் நம்பிராஜன் சாரின் மூக்குக்கண்ணாடி. நாங்கள் சிரித்தோம். ஆனால் தெருவில் எங்களிடம் அதிகமாக மினுங்கிக்கொண்டிருந்தவை மிட்டாய்த் தாளும், பான்மசாலா உறையும், எண்ணெய்ப் பாக்கெட்டும்தான். அதை அள்ளி அள்ளிக்கொண்டு போய்த் தாய்கள் குஞ்சின் வாயில் ஊட்டின. மாசியில் குஞ்சுகள் விழ ஆரம்பித்தன. முன்னெல்லாம் விழுந்தால் தண்ணீரில் விழும், இப்போது சிமெண்டில் விழுந்தது. கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர் ஒன்றை அறுத்துக் காட்டினார். வயிறு நிறைய எங்கள் தெருவே இருந்தது, எந்தக் கடைப் பாக்கெட் என்றுகூடப் படிக்க முடிந்தது.

வண்டிமலையானின் மனைவி தங்கபுஷ்பம் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அவள் மாடிக்கு மேலே கூடு கட்டியிருந்த கூழைக்கடாவின் மூன்று குஞ்சும் அந்த வாரத்திலேயே போய்விட்டன. மூன்றையும் அவள் முற்றத்தில் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். பெரிய பேச்சுக்காரி இல்லை, கையால் யோசிக்கிற பெண். மறுநாள் சாளைமீன் வாங்கி, ஒன்றை நூலில் கட்டி, நூலை நீளக் கம்பின் நுனியில் கட்டி, முற்றத்தில் நின்றுகொண்டு கம்பை மேலே நீட்டி, தண்ணீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே மீன் துள்ளுகிற மாதிரி ஆட்டினாள். கூழைக்கடா மிதந்து வந்து, பையை விரித்து, நூலோடு அள்ளிக்கொண்டது.

அவ்வளவுதான், ஊரே கம்பைத் தூக்கிவிட்டது. பன்னிரண்டு நாள் நாங்கள் மகா நல்லவர்களாக இருந்தோம். ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு ஆள் அண்ணாந்து நின்று மீனை ஆட்டினார், பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள், குஞ்சு சாவது நின்றது. பதிமூன்றாம் நாள் கழுத்து வலித்தது. அப்புறம் பரீட்சை வந்தது, ஒரு கல்யாணம் வந்தது, மீன்காரர் இரண்டு நாள் வரவில்லை. யாரும் வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை, கம்பு தானாகவே ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் போயிற்று. தங்கபுஷ்பம் மட்டும் விடவில்லை. பழைய குளத்தைப் போலவே தண்ணீர்மட்டமும் வெயில் ஏற ஏற இறங்கிக்கொண்டு வந்தது. அவள் வாரம் ஒரு சாண் கம்பை வெட்டிக் குறைத்துக்கொண்டு ஆட்டினாள். பங்குனி முதல் வாரத்தில் அவளுடைய கூழைக்கடா மறுபடியும் ஒரே ஒரு முட்டை இட்டது.

அதே வாரம் அவளுடைய மகள் அருணவடிவு தூத்துக்குடியிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு ஆறு முடிந்து ஏழாவது மாதம்.

“யம்மா, தலைப்பிள்ளைக்கு அங்க வரணும்னு எனக்கு ஆசை இல்லாமலா? வளைகாப்பு முடிஞ்சதும் கெளம்பி வந்திருவேன். ஆனா அங்க முன்னால ஒரே பத்தி, பின்னால ஒரு அடுக்களை. அப்பா படுத்திருக்க இடத்துல நான் எங்க படுக்க, எங்க பிள்ளைக்குப் பால் குடுக்க? அத்த கேக்காங்க, ஒங்க வீட்டுல தனி ரூம் இருக்கான்னு. நான் என்ன சொல்லட்டும்?”

“இருக்குன்னு சொல்லுட்டி.”

“எங்கம்மா இருக்கு?”

“நீ வரதுக்குள்ள மாடில கட்டிருவோம்” என்றாள் தங்கபுஷ்பம். சொல்லி போனை வைத்த பிறகுதான் மாடியில் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் மாடியில் நின்றார்கள். கூழைக்கடா அவர்கள் தலைக்கு மேல் அடையில் இருந்தது, கீழே பார்க்கவில்லை.

“அது இருக்க எடம் எதுன்னு தெரியுதா ஒனக்கு?” என்றார் வண்டிமலையான். “ரெட்டைக் கவட்டைக் கருவை. அந்த மரம் லேசுல வரல. மூணு தடவ மெஷின் பின்னால சாஞ்சுது. நாலாந்தடவதான் புடுங்குனேன்.”

“கூட்டை அங்கிட்டுத் தூக்கி வைக்க முடியாதா?”

“மத்தியானமே பிடிச்சு இழுத்துப் பாத்தேன். மரமே வந்தாத்தான் அது வரும்.”

“பொரிக்கட்டும். அதுக்குப் பொறவு கட்டுவோம்.”

“ஏளா, அடை முப்பது நாளு. அதுக்கு மேல பறக்க மூணு மாசம். அதுக்குள்ள நம்ம மவளுக்குப் பேறே முடிஞ்சு போவும்.”

அவள் கம்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

விஷயம் சங்கத்துக்கு வந்தது. இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாடி எடுத்துக் கட்ட வேண்டும் என்று எங்கள் எல்லோருக்குமே ஆசை இருந்தது. பாதிப் பேர் வீட்டில் கம்பியும் செங்கல்லும் வந்து இறங்கித் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. பிள்ளைகளின் கூட்டை முதலில் இடித்தவன் என்ற பெயர் மட்டும் யாருக்கும் வேண்டாம். இப்போது ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பெயரால் அந்த முதல் ஆள் கிடைத்துவிட்டாள். கூட்டத்தில் நாங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அவ்வளவு கனிவாக நாங்கள் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

“தாயி, பேறுங்கது தள்ளிப்போடுத காரியமா?” என்றார் நம்பிராஜன். “நீ கட்டு. ஊரு ஒன்னையத் தப்பாச் சொல்லாது.”

“அதுவும் பிள்ளதான சார்” என்றாள் தங்கபுஷ்பம். “வயித்துல இல்லன்னாலும் வயித்துக்கு அடியில வச்சிருக்கு.”

“யாரு இல்லன்னா? ஒரு மக வரும்போது இன்னொரு மக ஒதுங்கி எடம் குடுக்க மாட்டாளா? மொறையா வழியனுப்பி வைப்போம். போகச் சொல்லி நாம கேட்டா போவும்.”

வெளியூர்க்காரனாக இருந்தால் கல்லெறிந்து விரட்டியிருப்பான், இல்லாவிட்டால் சும்மா விட்டிருப்பான். இந்தத் தப்பு எங்களுக்கு மட்டுமே வரும். இத்தனை தலைமுறையாக மகள் மகள் என்று சொல்லிச் சொல்லி, அதற்கு எங்கள் பேச்சு புரியும், எங்கள் முறை தெரியும், எங்கள் கஷ்டம் தெரியும் என்று நிஜமாகவே நம்பிவிட்டோம். ஆடியில் செய்கிற வழியனுப்பலை அந்த ஒற்றைப் பறவைக்காகப் பங்குனியில் செய்தோம். இருபது பெண்கள் மாடியில் ஏறினார்கள். மஞ்சள், குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல், வாழை இலையில் புளிச்சோறு. குலவை போட்டார்கள். “போயிட்டு வாட்டீ, அடுத்த வருசம் வா” என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கபுஷ்பம் மட்டும் குனிந்து வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கூழைக்கடா மேற்கே பார்த்துக்கொண்டு இருந்தது. அதன் கணக்கில் அன்றைக்கு மாடியில் யாருமே வரவில்லை. நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு புளிச்சோற்றைப் பங்கு வைத்துச் சாப்பிட்டோம்.

கொத்தனார் ஆசீர்வாதம் நல்ல மனுஷன். சுவரை நாலு பக்கமும் எழுப்பும்போது அதன் இறகில் சாந்து படாமல் சணல் சாக்கைத் தொங்கவிட்டு வேலை பார்த்தார். “எந்திரிச்சுப் போயிருவான்னு பாக்கேன், போவ மாட்டேங்காளே” என்று தினமும் சொன்னார். சுவர் நெஞ்சு உயரம் வந்தது, தலை உயரம் வந்தது, அது அடையிலேயே இருந்தது. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி வந்து அடை இருந்தன. சுவர் உயர்ந்ததும் இன்னும் கொஞ்சம் மேலே பறந்து உள்ளே இறங்கின. கான்கிரீட் போட்ட அன்று பெண்பறவை அடையில் இருந்தது. தகரத்தை அடித்து, கம்பியைக் கட்டி, கலவையைக் கொட்டி மட்டம் பார்த்து இறங்கியபோது அது அறைக்கு நடுவில், மின்விசிறி மாட்டுகிற கொக்கிக்கு நேர்கீழே, இருட்டில் இருந்தது.

ஆண் வந்தது. கொஞ்ச நேரம் கூரைக்கு மேலே வட்டம் போட்டது. பிறகு சுவரில் மோதியது. தங்கபுஷ்பம் ஜன்னலை அகலமாக வைக்கச் சொல்லியிருந்தாள், கதவைக்கூட இன்னும் மாட்டவில்லை, ஆனால் மரத்துக்கு ஜன்னல் இருக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் அந்தச் சுவரில் மோதுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. நாங்கள் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டோம். நாலாம் நாள் அது வரவில்லை.

தங்கபுஷ்பம் சாளைமீனை வாளியில் அறைக்கு ஏற்றிக்கொண்டு போய், அதன் அலகுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தாள். காற்றில் ஆடுவது மீன் இல்லை; தண்ணீருக்குள் இருப்பதுதான் மீன். தண்ணீர் அப்போது தரையிலிருந்து மார்பளவுக்கு இறங்கிவிட்டிருந்தது, அறை அதற்கு எங்கேயோ மேலே இருந்தது. அவள் கெஞ்சினாள், அலகைப் பிரித்துத் திணித்தும் பார்த்தாள். அது விழுங்கவில்லை, முட்டையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. பத்தாம் நாள் காலையில் அவள் மாடி ஏறிப் போனபோது பறவை தரையில் கிடந்தது. சுள்ளிகளும் சுற்றிச் சிதறிக் கிடந்தன. முட்டை மட்டும் மேலேயே நின்றது. வண்டிமலையான் ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், அது அசையவில்லை. குளிர்ந்துபோயிருந்தது என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் எங்கள் தார்ப்பாய்கள் எல்லாம் விலகிவிட்டன. சித்திரை பிறப்பதற்குள் இருபத்துமூன்று வீட்டில் மாடி எழும்பியது. இப்போது யாரும் வழியனுப்பல் வைக்கவில்லை, சணல் சாக்கும் தொங்கவிடவில்லை; அதெல்லாம் முதல் ஆளுக்கு உரிய மரியாதை. மீதிப் பறவைகள் ரோட்டில் முழங்கால் அளவுத் தண்ணீரில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே, நின்றுகொண்டிருந்தன. ஒருநாள் காலை பத்து மணிக்கு, யாரும் விரட்டாமல், எல்லாமாகச் சேர்ந்து தாமரைத் தெரு வழியாகப் குளம் நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடுகிற பழைய மறுகால் இருந்த இடம்வரை நடந்துபோய், அங்கிருந்து எழும்பின. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இழுத்தபடி நின்று பார்த்தார். பறக்கத் தெரியாத குஞ்சுகள் புதுச்சுவர்களுக்கு இடையில் இரண்டு நாள் கத்தின, மூன்றாம் நாள் கத்தவில்லை.

பறவைகள் எழும்பிப் போன அன்றைக்கே மத்தியானம் ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் சும்மா சுற்றியது. முதலில் மோட்டார் ரிப்பேர் என்று நினைத்தோம். நாற்பத்தொரு மோட்டாரும் ஒரே நாளில் எப்படி ரிப்பேராகும்? கண்ணுக்குத் தெரியாத அந்தத் தண்ணீர் மேலே இருந்ததுவரை கீழேயும் இருந்திருக்கிறது. அவர்கள் போனதும் கூடப் போய்விட்டது. இன்னும் ஆழம் போட்டோம், வெள்ளைத் தூசிதான் வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாம் லாரித் தண்ணீர்தான், அதுவும் வந்தால் உண்டு.

அருணவடிவு சித்திரை இரண்டாம் வாரத்தில் வந்தாள், கை நிறைய வளையலோடு. புது அறைக்கு இளம்பச்சை அடித்திருந்தார்கள். கட்டிலை நடுவில் போட முடியவில்லை, ஒரு ஓரமாகப் போட்டிருந்தார்கள். மின்விசிறியை மாட்ட முடியவில்லை, இறக்கைகள் சுற்றுகிற இடத்திலேயே முட்டை இருந்தது.

“இது என்னம்மா?”

“அது கெடக்கட்டும்ட்டி. நீ அந்தப் பக்கம் பாத்துப் படு.”

அவள் மூன்று நாள் அந்த அறையில் இருந்தாள். வெக்கை தாங்கவில்லை. ஒரு குடம் தண்ணீரில் குளித்தாள், மறுநாள் அரைக் குடத்தில் குளித்தாள், மூன்றாம் நாள் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டாள். படுத்தால் கண்ணுக்கு நேரே அது நின்றது. நாலாம் நாள் புருஷனுக்குப் போன் செய்து கார் கொண்டுவரச் சொன்னாள்.

“கோவிச்சுக்காதம்மா. பிள்ளையக் கழுவக்கூடத் தண்ணி இல்லாத எடத்துல நான் எப்படிப் பெத்துக்கிட?”

“ரூம் கட்டியிருக்கேன்லாட்டீ” என்றாள் தங்கபுஷ்பம். “ஒனக்குத்தான கட்டுனேன்.”

மகள் அழுதாள், தாயும் அழுதாள், கார் போய்விட்டது. வைகாசி கடைசியில் தூத்துக்குடியில் மாமியார் வீட்டில் பெண்குழந்தை பிறந்தது. வண்டிமலையானும் தங்கபுஷ்பமும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பினார்கள். திரும்பி வந்ததும் அவள் மாடி அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். அன்று முதல் அதை மூடவே இல்லை.

அடுத்த மார்கழியில் நாங்கள் காத்திருந்தோம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், கதவுக்குப் பின்னாலிருந்த கம்புகளைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தவர்கள்கூட உண்டு. மார்கழி போயிற்று, தை போயிற்று. வானத்தில் வேறெங்கோ போகிற பறவைகள் போயின, எங்கள் ஊருக்கு மேலே வந்ததும் கொஞ்சம் விலகிப் போன மாதிரி எனக்குத் தோன்றியது. பங்குனியில் சங்கம் கூடி, இந்த வருஷம் கொடைக்கு வெடியும் மேளமும் வைக்கலாம் என்று முடிவு செய்தது. எதிர்ப்பு இல்லை. எதிர்ப்பதற்குக் காரணம் வேண்டும் அல்லவா?

சித்திரை இரண்டாம் செவ்வாய், மதியக் கொடை. எங்கள் ஊர் வரலாற்றில் முதல்முறையாக நையாண்டி மேளம் இறங்கியது. வாழ்நாள் முழுக்கப் பக்கத்து ஊர்த் திருவிழாவை எட்டிப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், ஆசை தீர ஆடினோம். உச்சிக்காலப் பூஜைக்கு மணி அடித்ததும் கோயில் வாசலில், அந்த மடைக்கல் படிக்கு எதிரே, பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். அதற்கு மேல் அதிர்வேட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஜன்னல்கள் நடுங்கும்படி.

தங்கபுஷ்பம் கோயிலுக்கு வரவில்லை. முதல் வெடி கேட்டதுமே மாடி அறைக்கு ஓடியிருக்கிறாள். வண்டிமலையான் பொங்கல் பானையோடு அவளைத் தேடிப் போனபோது, அவள் அறைக்கு நடுவில் முட்டைக்கு நேர்கீழே முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். சத்தத்தில் அது விழுந்தால் தரையில் விழக் கூடாது என்று. கட்டிலில் போன் அடித்தது. அவர் எடுத்து அவள் காதில் வைத்தார்.

“யம்மா, கொடைக்கு வர முடியல, பிள்ளைக்குச் சளி” என்றாள் அருணவடிவு. “என்னம்மா அது, வெடிச் சத்தமா? நம்மூர்லயா? பிள்ளைக பதறிப் போயிருமேம்மா, யாரும் சொல்ல மாட்டாங்களா?”

தங்கபுஷ்பம் முந்தானையை விடவில்லை.

“பதறதுக்கு யாரும் இல்லட்டீ” என்றாள்.

கோயில் வாசலில் கடைசி அதிர்வேட்டும் வெடித்து ஓய்ந்தது. மேளம் நின்றது, புகை மெல்ல மேலே போனது. அப்போது, யாரும் சொல்லாமலே, கையில் பிரசாதத்தோடு நின்ற நாங்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தோம். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றோம்.